கடித்து வைத்த ரொட்டி

அன்று காலை என் தம்பி ஃபைஸலி ஒரு ரொட்டியைக் கடித்தான். எங்கள் ஊர்க்காரர் குல்முரோத் அண்ணன் சந்தையில் சுட்ட வட்ட ரொட்டி. நடுவில் அவருடைய முத்திரைக் குத்தல், சுற்றிலும் எள். எங்கள் சொந்த ஊரான குலோப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகிறவன் வாசலைத் தாண்டுவதற்கு முன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். வீட்டில் இருப்பவர்கள் மீதியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். அவன் திரும்பி வந்துதான் அதைத் தின்ன வேண்டும், வேறு யாரும் தொடமாட்டார்கள்.

"எலி மாதிரி கொறிக்காதடா. ஒழுங்கா கடி," என்றேன்.

"பெருசா கடிச்சா வந்து திங்கறதுக்கு என்னக்கா மிஞ்சும்?"

"நீ வர்றதுக்குள்ள அது கல்லாயிடும்."

"டீயில முக்கித் தின்னுக்கறேன். பல்லு இருக்கு, என்ன கவலை?" என்று சிரித்தான். "அதுலயும் ஒண்ணு அரைப் பல்லு."

மேல்வரிசை முன்பற்களில் ஒன்று பாதிதான் இருந்தது. ஒன்பது வயதில் அக்ரூட் கொட்டையை வாயால் உடைக்கப்போய் மறுபாதியை இழந்தவன் அவன். அதனால் அவன் எதைக் கடித்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு நிற்கும். ரொட்டியிலும் நின்றது. நூல் கோத்துச் சமையலறைக் கதவுக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினேன். படியிறங்கும்போது அவன் கீழ்வீட்டுக்காரரின் சைக்கிளில் முட்டிக்கொண்டு வாய்க்குள் திட்டியது கேட்டது.

அவன் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டவன் இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போனவன்.

ரஷ்யாவுக்கு வந்த பதினோரு வருடமாக நாங்கள் இருந்த நகரத்தின் குளியலறைகளுக்கு டைல் ஒட்டிக்கொண்டிருந்தான். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், அங்கே ஒரு மருத்துவமனையில் தரை துடைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை இருவரும் குடிபெயர்ந்தோர் மையத்தின் வரிசையில் நின்றோம். அந்த மையத்தின் கழிப்பறைக்கு டைல் ஒட்டியவனும் ஃபைஸலிதான். ஆனால் அது ஊழியர்களுக்கானது. வரிசையில் நிற்கும் நாட்களில் அவன் தெருமுனைப் பெட்ரோல் பங்குக்கு ஓடுவான்.

அந்த வருடம் வரிசை மூன்று நாள் நீளம் இருந்தது. பக்கத்திலேயே புதிதாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே வரிசையே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் முதலில் சொன்னது இதுதான்:

"அக்கா, உக்கார நாற்காலி குடுத்தாங்க."

"யாரு?"

"மையத்துல. டீயும் குடுத்தாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. முப்பது நாள்ல குடியுரிமையாம். மொழித் தேர்வே கிடையாதாம்."

மொழித் தேர்வில் அவன் இரண்டு முறை தோற்றிருந்தான். இரண்டாவது முறை கேட்ட கேள்வி, கவிஞர்கள் இலையுதிர் காலத்தை ஏன் விரும்புகிறார்கள் என்பது. 'அவர்களுக்குக் கூரை இருக்கிறது' என்று எழுதினான். பூஜ்யம் போட்டார்கள்.

"எதுல கையெழுத்துப் போட்ட?"

அவன் ரொம்ப நேரம் காலணியைக் கழற்றினான். "எனக்கு வந்தா உனக்கும் வரும்க்கா. நீ தரை துடைக்க வேணாம். மறுபடி கணக்கு டீச்சர் ஆயிடலாம்."

கையெழுத்துப் போட்டவர்களின் குடும்பங்களை மறுநாள் மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். கர்னல் கபூஸ்தின் பேசினார். சிவந்த, நல்ல மனிதரைப் போன்ற முகம்.

"பொழைக்க வர்றவனை நம்பறது கஷ்டம்," என்றார். "வீடு கேப்பான், ஆஸ்பத்திரி கேப்பான், புள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேப்பான். வாழ்நாள் பூரா கேட்டுக்கிட்டே இருப்பான். ஆனா உயிரைக் குடுக்க வர்றவன் இருக்கான் பாருங்க, அவன் எதுவுமே கேக்கமாட்டான். அந்த மாதிரிக் குடிமக்கள்தான் இந்த நாட்டுக்கு வேணும். எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கு."

எல்லோரும் கைதட்டினோம். தட்டாதவர்கள் யார் என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போன பத்தொன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. பேசியவர் என்னை மிகவும் மரியாதையாக விளித்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

நகரத்தின் விளிம்பில் இருந்த குளிர்கிடங்கில் 318ஆம் இழுப்பறையை இழுத்துக் காட்டினார்கள். கைகள் இருக்க வேண்டிய இடத்தில் துணி சுற்றியிருந்தது. முகத்தின் ஒரு பக்கத்தை மூடியிருந்தார்கள். மறுபக்கம் அவனுடையது. இருந்தும் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தேன். அரைப் பல் இருந்தது.

"எங்க தம்பிதான். குடுங்க, இன்னிக்கே குளிப்பாட்டி அடக்கம் பண்ணணும்," என்றேன். எங்களவர்கள் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கமாட்டார்கள்.

"மையத்துலேருந்து சீட்டு வாங்கிட்டு வாங்கம்மா. ஏழாம் ஜன்னல்," என்றார் கிடங்குக்காரர்.

ஏழாம் ஜன்னலில் வலெந்தினா அர்காதியெவ்னா இருந்தாள். பெயரைச் சொன்னதும் கணினியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாழ்த்துகள்! உன் தம்பிக்குக் குடியுரிமை வந்தாச்சு. நேத்துத்தான் கையெழுத்தாச்சு. வந்து உறுதிமொழி படிக்கச் சொல்லு."

"அவன் இறந்துட்டான்."

"அது பட்டாளத்துப் பதிவேடு. என் பதிவேட்டுல அவன் இன்னும் வரல. நேர்ல வந்து, நின்னு, சத்தமாப் படிக்கணும். அறுபது நாள் கெடு."

பட்டாளம் தந்த மரணச் சான்றிதழை ஜன்னலுக்குள் நீட்டினேன். ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடிழுத்தாள். "இதுல 'குடிமகன் ஃபைஸலி' செத்துட்டதாப் போட்டிருக்கு. அப்படி ஒரு குடிமகன் இன்னும் பொறக்கவே இல்லையே. பொறக்காதவன் எப்படிச் சாவான்?"

"அப்ப வெளிநாட்டுக்காரன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஊருக்குக் கொண்டுபோயிடறேன்."

"விண்ணப்பத்துல ஆறாம் பக்கத்தைப் பாரு. பழைய குடியுரிமையைத் துறக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். அந்தக் கதவைச் சாத்திட்டான், இந்தக் கதவுக்குள்ள இன்னும் நுழையல. நடுவுல நிக்கறவனை யார்கிட்டம்மா ஒப்படைக்கறது?"

அவன் நடுவில் நிற்கவில்லை, ஓர் இழுப்பறையில் கிடந்தான். அதை அவளிடம் சொன்னேன். அடுத்த ஆள் என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒன்பதாவது மனுவுக்குப் பிறகு, கர்னல் கபூஸ்தின் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது.

"சட்டம் கல்லு இல்லம்மா," என்றார். "சாவு ஒரு தடங்கல், அவ்வளவுதான். அதுக்காக ஒருத்தனோட உரிமையைப் பறிக்கமுடியுமா? உன் தம்பி உறுதிமொழி எடுப்பான். நாட்டுலயே முதல் தடவையா எடுப்பான். நான் குழு போட்டுட்டேன்."

குழுவில் மூன்று பேர்: கர்னல், வலெந்தினா அர்காதியெவ்னா, ஒரு மருத்துவர். உறுதிமொழி எடுக்கும் எவனுக்கும் தேவையான சான்றுகள் ஃபைஸலிக்கும் தேவை என்று முதல் கூட்டத்தில் முடிவானது. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். காசநோய் இல்லை என்பதற்கான சான்றை மருத்துவர் அங்கேயே எழுதிக் கொடுத்தார்: 'பரிசோதித்த நேரத்தில் இருமவில்லை.' போதைப் பழக்கம் இல்லை என்றும் எழுதினார். வேலைக்குத் தகுதியானவர் என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இலகுவான வேலை' என்று போட்டார்.

அடுத்தது அடையாளம். இழுப்பறையில் இருப்பவனும் விண்ணப்பித்தவனும் ஒரே ஆள்தான் என்று நிறுவ வேண்டும். கோப்பில் பத்து விரல் ரேகைகளும் இருந்தன. விரல்கள் இல்லை.

"நான் பார்த்தேன். என் தம்பிதான்," என்றேன்.

"அக்கா சொல்றது செல்லாது," என்றாள் வலெந்தினா அர்காதியெவ்னா. "உனக்கு அவன் கெடைக்கணும்னு ஆசை. ஆசை இருக்கறவங்க சாட்சி சொல்லக்கூடாது."

"பல் பதிவு ஏதாவது இருக்கா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இங்க பல் வைத்தியம் கிடையாது," என்றார் கர்னல், தன் ஊரின் ஒழுங்கைப் பற்றிச் சொல்கிறவரைப் போல.

அப்போதுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். ரொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

மறுநாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கூடக் குல்முரோத் அண்ணனும் வந்தார். வலெந்தினா அர்காதியெவ்னா கையுறை போட்டுக்கொண்டு, ஸ்கேலால் கடியை அளந்தாள். முகத்தைச் சுளித்தாள். கையெழுத்து இல்லை, தேதி இல்லை, அதிகாரி முன்னிலையில் கடிக்கப்படவில்லை. மெல்லத் திருப்பினாள். நடுவில் வட்டமாகக் குத்தியிருந்த புள்ளிகளில் அவள் கண் நின்றது.

"முத்திரை இருக்கே," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "வட்ட முத்திரை."

கர்னல் எழுந்து நின்றார். "யாரோட முத்திரை?"

"என்னுதுதாங்க," என்றார் குல்முரோத் அண்ணன். "கோழியிறகுத் தண்டு பதினெட்டைக் கட்டி எங்கப்பா செஞ்சது. குத்தலைன்னா நடுவுல உப்பிக்கும்."

"எத்தனை வருஷமா நடைமுறையில இருக்கு?"

"எங்கப்பா காலத்துலேருந்து. முப்பது, நாப்பது வருஷம் இருக்கும்."

"புகார் ஏதாவது?"

அண்ணன் யோசித்தார். "எள்ளு கம்மின்னு சிலபேர் சொல்வாங்க."

'நாற்பதாண்டு காலமாகத் தடையின்றிப் பயன்பாட்டில் உள்ள முத்திரை. கடுமையான புகார்கள் இல்லை' என்று வலெந்தினா அர்காதியெவ்னா எழுதிக்கொண்டாள். ரொட்டி ஆவணமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் அவனுடைய கடி இருப்பதால், அது மேசைமேல் இருக்கும்வரை அவன் நேரில் ஆஜரானதாகவே கருதலாம் என்றும் தீர்மானித்தார்கள். மருத்துவர் 318ஆம் இழுப்பறையிலிருந்து பல்வரிசையை மாவில் அச்செடுத்து வருவார். விழாவில், துணை ஆளுநர் முன்னிலையில், அச்சு ரொட்டியோடு பொருத்தப்படும். துணை ஆளுநர் கையெழுத்திட்டதும் அவன் குடிமகன். குடிமகன் ஆனதும் பட்டாளத்துச் சான்றிதழ் செல்லும், அவன் இறந்தவனாவான். இறந்ததும் எனக்குக் கிடைப்பான்.

"ரொட்டியத் திருப்பித் தருவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"உனக்கு ரொட்டியா முக்கியம்?" என்றார் கர்னல், வருத்தத்தோடு.

வெளியே வந்ததும் குல்முரோத் அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஊர்ல பாதிப் பேர் என் முத்திரையைக் காலைல டீயோட தின்னுட்டிருக்காங்க, முஅஸ்ஸமா. நான் அரசாங்க அதிகாரின்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒரே ஒரு வாய்தான் கடிச்சிருக்கான் பய," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கெடுவின் ஐம்பத்தேழாம் நாள் காலை பத்து மணிக்கு விழா. மண்டபத்தில் பேண்டு வாத்தியம், கொடி, கேமராக்கள். மேசை வெறுமையாகத் தெரிகிறது என்று யாரோ ரொட்டியின் அடியில் பூவேலை செய்த துண்டை விரித்திருந்தார்கள். பூவேலைத் துண்டின் மேல் வட்ட ரொட்டி இருந்தால் பக்கத்தில் உப்பு இருந்தாக வேண்டும் என்று வேறு யாரோ ஒரு கிண்ணத்தில் உப்பை வைத்திருந்தார்கள். யார் என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரியவரவில்லை.

அந்த ஊரில் பெரிய மனிதர்களை ரொட்டியும் உப்பும் வைத்துத்தான் வரவேற்பார்கள். வந்தவர் ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு, வாயில் போட்டுக்கொள்வார். துணை ஆளுநர் அந்த வாரத்தில் இரண்டு தொழிற்சாலைகளிலும் ஒரு கோழிப் பண்ணையிலும் அப்படிச் செய்திருந்தார். உள்ளே வந்தார், கை கொடுத்தார், நேராக மேசைக்குப் போனார். ஃபைஸலியின் ரொட்டியைப் பிடித்துப் பிய்க்கப் பார்த்தார்.

எழுபது நாளைத் தாண்டிய ரொட்டி. அசையவில்லை. இன்னொரு முறை பார்த்தார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரொட்டியிடம் தோற்றவர் என்று பெயரெடுக்க அவர் விரும்பவில்லை. அதை இரண்டு கையாலும் தூக்கினார், உப்பில் ஓர் ஓரத்தைத் தோய்த்தார், கடித்தார்.

நான் எழுந்து, "வேண்டாம்! அது அவனுது!" என்று என் மொழியில் கத்தினேன். பின்வரிசையில் கைதட்டினார்கள். பேண்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

பேண்டு வாசிக்கும்போதும் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உடைந்தது ரொட்டி இல்லை. துணை ஆளுநர் வாயை மூடியபடியே சிரித்தார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, அதன் பின்னாலிருந்தே பேசினார்:

"இந்த மக்கள்கிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான். அவங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது. இருந்தாலும் நாம கை நீட்டினா, இருக்கறதை எடுத்துக் குடுத்துடுவாங்க. நாமளும் கூச்சப்படாம வாங்கிக்கணும். அதுதான் நட்பு."

பிறகு மருத்துவர் மாவு அச்சை எடுத்தார். இடப்பக்கத்துக் கடியில் வைத்தார். பூட்டில் சாவி மாதிரி உட்கார்ந்தது. நான் மூச்சு விட்டேன். அவரோ கடமை தவறாதவர். வலப்பக்கத்துப் புதிய கடியிலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒரு பாதிப் பல்லின் தடம் இருந்தது, துணை ஆளுநரின் அந்தப் பல் சில நிமிடமாகத்தான் பாதி.

"இதுவும் பொருந்தற மாதிரித்தான் இருக்கு," என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்படின்னா, ஐயா, நீங்களும் கொஞ்சம் வாயைத் திறந்து காட்டினீங்கன்னா..."

துணை ஆளுநர் வாயைத் திறக்கவில்லை. வேறொரு திறப்பு விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று அவருடைய செயலாளர் அறிவித்தார்.

குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. நானும் குல்முரோத் அண்ணனும் நடைக்கூடத்தில் காத்திருந்தோம். நாற்காலி இல்லை. மூன்று மணி நேரம் கழித்து வலெந்தினா அர்காதியெவ்னா வந்து தீர்மானத்தைப் படித்தாள்.

"ரொட்டியில் இரண்டு கடிகள் காணப்படுகின்றன. அரசு விழாவில் ரொட்டியைக் கடிக்கும் அதிகாரம் துணை ஆளுநருக்கு மட்டுமே உண்டு. எனவே இரண்டு கடிகளும் துணை ஆளுநருடையவையே. விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவில்லை."

"எடப்பக்கம் இருக்கறது என் தம்பி கடிச்சது," என்றேன்.

அவள் திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"தெரியும்மா," என்றாள். அன்றுதான் அவள் குரலில் ஒரு மனுஷியைக் கேட்டேன். "எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்கறதை எழுத இங்க கட்டம் இல்ல."

அறுபதாம் நாள் கெடு முடிந்தது. அடையாளம் தெரியாத, உரிமை கோரப்படாத உடல் என்று நகராட்சி அவனை அடக்கம் செய்தது. உரிமை கோரி நான் எழுதிய பதினேழு மனுக்களும் உடல் யாருடையது என்று தெரியாததால் வேறு கோப்பில் இருந்தன. எங்களுக்குச் சேதி தெரிய நான்கு நாள் ஆயிற்று. நகரத்துக்கு வெளியே, பனி படர்ந்த வெளியில், ஒரே அளவு மரக்குச்சிகள் வரிசையாக நின்றன. 318ஐக் கண்டுபிடித்தோம். குளிப்பாட்டினார்களா என்று கேட்கத் துணிவில்லை. எந்தத் திசை பார்த்துக் கிடத்தினீர்கள் என்று மட்டும் காவலாளியிடம் கேட்டேன்.

"கீழ்த்திசை," என்றார் அவர். "மண்ணுக்குள்ள."

குல்முரோத் அண்ணன் நின்று ஓதினார். அடுப்புக்காரர், குளிர் தாங்காதவர். முடியும்வரை கையுறை போடவில்லை.

பத்து நாள் கழித்து ஃபைஸலி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அவனுடைய வேலை அனுமதி காலாவதியாகிவிட்டது. குடியுரிமை விண்ணப்பம் ரத்தாகிவிட்டது. ஆகவே அவன் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறான். பதினைந்து நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் அரசாங்கச் செலவில் கட்டாயமாகச் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கப்படுவான்.

குல்முரோத் அண்ணன் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அனுப்பட்டுமே," என்றார். "அதைத்தானே ரெண்டு மாசமாக் கேட்டுட்டு நிக்கறோம்."

அன்றே உட்கார்ந்து பதினெட்டாவது மனுவை எழுதினேன். என் தம்பி வெளியேற மறுக்கிறான் என்றும், எத்தனை எச்சரித்தும் அசையவில்லை என்றும், 318ஆம் குச்சியின் அடியில் ஒளிந்திருக்கிறான் என்றும், உத்தரவைத் தயவுசெய்து உடனே நிறைவேற்ற வேண்டும் என்றும் எழுதினேன். அந்த மையத்துக்கு நான் எழுதியவற்றில் அது ஒன்றில்தான் ஒரு பொய்யும் இல்லாமல் அவர்கள் மொழியிலேயே பேசியிருந்தேன். பதில் வரவில்லை. மற்ற உத்தரவுகளையெல்லாம் அவர்கள் நிறைவேற்றுகிறவர்கள்தான். அடுத்த வருடம் என் அனுமதியைப் புதுப்பிக்காமல் என்னை அனுப்பிவைத்தார்கள்.

ரொட்டியை 'உணவுப் பொருள், சான்று மதிப்பு இல்லை' என்று எழுதித் திருப்பித் தந்திருந்தார்கள். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது குலோபில் என் வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. துணை ஆளுநரின் கடி வருடா வருடம் உதிர்ந்து அகலமாகிறது, உப்பு பட்ட இடம். இடப்பக்கத்தில் ஒரு வாய்தான் குறைகிறது. அதில், அரைப் பல் பட்ட இடத்தில், அந்தச் சின்ன மேடு அப்படியே நிற்கிறது.